ஆறாத கால் புண்ணுக்கு பி.ஆர்.பி. போடச் சொல்கிறார்கள், போடலாமா?

வேம்பு:
அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது. வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே, பாதம் தரையில் ஊன்றும் இடத்தில் ஒரு புண். மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஆறுவது போல் இருக்கும், ஓரத்தில் தோல் தடிக்கும், மறுபடி வாய் திறந்துகொள்ளும். வலியே இல்லை என்கிறார், அதனால் நடையையும் குறைப்பதில்லை. இப்போது மருத்துவர் பி.ஆர்.பி., அதாவது தட்டணுக்கள் மிகுந்த பிளாஸ்மா, செய்யலாம் என்கிறார். அப்பாவின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, தட்டணுக்களைப் பிரித்துப் புண்ணில் போடுவார்களாம். வாரம் ஒரு முறை, பல வாரங்களுக்கு. முடி வளரவும் முழங்கால் வலிக்கும் போடுகிறார்களே, அதே பி.ஆர்.பி.தான் இது என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே வேலை செய்யுமா? வாரா வாரம் ரத்தம் எடுத்தால் உடம்பு தாங்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி:
முடிக்கும் அதுதான், மூட்டுக்கும் அதுதான், முகச் சுருக்கத்துக்கும் அதுதான், இப்போது புண்ணுக்கும் அதுதானா? எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று யார் சொன்னாலும் நான் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

லேப்காரன்:
சந்தேகப்பிராணி, முடியை விடுங்கள். புண் ஆற்றுவது தட்டணுவின் சொந்த வேலை. காயம் பட்டதும் முதலில் வந்து ஒட்டிக்கொள்வது அதுதான். ரத்தக் கசிவை அடைப்பதோடு வேலை முடிவதில்லை. அதன் உள்ளே ஆல்ஃபா துகள்கள் என்று சிறு பைகள் இருக்கின்றன. தட்டணு தூண்டப்பட்டதும் அவை உடைந்து வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டும். பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா, வி.இ.ஜி.எஃப். என்று ஒரு பட்டாளமே உண்டு. ஒன்று சதை வளர்க்கும் செல்களைக் கூப்பிடும், ஒன்று புது ரத்தக்குழாய் முளைக்கச் சொல்லும். தூண்டப்பட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரக்கில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும்.

நான் ரத்த வங்கியில் வேலை பார்ப்பவன், செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். முழங்கை மடிப்பில் பெரும்பாலும் 10 முதல் 20 மி.லி. வரை எடுப்பார்கள், சில கருவிகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ரத்த தானத்தில் 350 அல்லது 450 மி.லி. எடுக்கிறோம். ஆகவே ரத்தம் குறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம், வேம்பு. உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்த்த குழாயில் பிடிக்க வேண்டும். வழக்கமான ரத்த எண்ணிக்கைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இருப்பது இ.டி.டி.ஏ. என்ற வேறொரு உறைதல் தடுப்பான். அது தட்டணுவின் உருவத்தையே மாற்றிவிடும், இதற்கு ஆகாது.

அப்புறம் குழாயைச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் எந்திரத்தில் முதல் சுற்று, மெதுவாக. சிவப்பணுக்கள் அடியில் படியும், மேலே வெளிர் மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும், இரண்டுக்கும் நடுவில் காகித கனத்துக்கு ஒரு வெள்ளைப் படலம். மேல்பகுதியை மட்டும் உறிஞ்சி இன்னொரு குழாயில் விட்டு, வேகமாக இரண்டாம் சுற்று. இப்போது தட்டணுக்கள் அடியில் திரளும். மேலே உள்ள மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு, மீதி ஒரு பங்கில் அந்தத் திரளைக் கலக்கினால் அதுதான் பி.ஆர்.பி. சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள் இருக்கும். பி.ஆர்.பி.யில் அது மூன்று முதல் ஐந்து மடங்காக வேண்டும். 10 லட்சம் என்பதைப் பலர் இலக்காக வைத்துக்கொள்கிறார்கள்.

தவறு நடப்பது எங்கே தெரியுமா? எந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் ஆர்.பி.எம். எண்ணில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதில். மைய அச்சிலிருந்து குழாயின் அடி வரை 10 செ.மீ. தூரம் என்றால் 1500 ஆர்.பி.எம்.மில் புவியீர்ப்பைப் போல் சுமார் 250 மடங்கு விசை. அதுவே 15 செ.மீ. என்றால், அதே 1500இல் சுமார் 375 மடங்கு. ஒருவரின் செய்முறையைப் பார்த்து இன்னொருவர் வேறு எந்திரத்தில் அதே எண்ணை வைத்துச் சுற்றினால், தட்டணுக்களும் சிவப்பணுக்களோடு சேர்ந்து அடியில் போய்விடலாம். மேலே மிஞ்சுவது வெறும் பிளாஸ்மா. பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள்தான், எண்ணிப் பார்க்காமல் வித்தியாசம் தெரியாது. பி.ஆர்.பி. ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

கட்டுக்கார அக்கா:
லேப்காரன் தம்பி குழாய்க்குள் நடப்பதை அழகாகச் சொல்லிவிட்டார். நான் காலைப் பற்றிப் பேசுகிறேன். பல வருடங்களாக நீரிழிவுக் கால் புண்களுக்குக் கட்டுப் போடும் செவிலி நான்.

வேம்பு, உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது பி.ஆர்.பி. இல்லை. "வலியே இல்லை, நடையையும் குறைப்பதில்லை" என்ற வரிதான். சர்க்கரையால் கால் நரம்புகள் செத்துப்போனதால்தான் வலி இல்லை. கட்டைவிரலின் அடி எலும்பு ஒவ்வோர் அடிக்கும் அந்த ஒரே இடத்தில் அழுத்துகிறது. உணர்வு உள்ள கால் என்றால் நாமே நொண்டி நொண்டி அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வோம். அப்பாவால் அது முடியாது. நீங்கள் சொன்ன தடித்த ஓரத் தோலும் அந்த அழுத்தத்தால் வருவதுதான். அந்த இடத்தில் என்ன விலை உயர்ந்த மருந்தை வைத்தாலும், அதன் மேல் நாள் முழுக்க நடந்தால் வேலியில்லாத வயலுக்கு உரம் போட்ட கதைதான்.

அதனால் முதல் கேள்வி, காலில் அழுத்தம் இறக்க ஏதாவது கொடுத்தார்களா? முழங்கால் வரை வரும் மாவுக்கட்டு போன்ற கட்டு, அல்லது கழற்ற முடியாத பூட்ஸ். கழற்ற முடிகிற மாதிரி கொடுத்தால் வீட்டுக்குள் நடக்கும்போது கழற்றி வைத்துவிடுவார்கள், தினமும் பார்க்கிறேன். இரண்டாவது, பாதத்துக்கு ரத்தம் போகிறதா என்று பார்த்தார்களா? மூன்றாவது, எக்ஸ்ரே எடுத்தார்களா? மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்க்கும்போது கடினமாக எலும்பு தட்டுப்பட்டால் எலும்பிலேயே கிருமி இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மேலே மட்டும் மூடி, உள்ளே சீழ் கட்டிய புண்ணை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தடித்த ஓரத்தையும் செத்த சதையையும் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். சீவி முடித்ததும் புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும், லேசாக ரத்தம் கசியும். கூட வந்தவர்கள் பதறிப்போவார்கள். ஆனால் அந்தப் புள்ளிப் புள்ளியான ரத்தக் கசிவுதான் எனக்கு நல்ல சேதி. அடியில் உயிருள்ள சதை இருக்கிறது என்று அர்த்தம்.

வேம்பு:
நன்றி அக்கா. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ரத்த ஓட்டத்துக்குக் கையால் நாடி மட்டும் தொட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் இறக்கும் பூட்ஸ் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா வீட்டில் வெறுங்கால், வெளியே சாதாரணச் செருப்பு.

கட்டுக்கார அக்கா:
அப்படியானால் இந்த இழையின் விடையில் பாதி அந்தச் செருப்பில் இருக்கிறது.

தையல்காரன்:
அறுவை மருத்துவன். அக்கா சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஆனால் பி.ஆர்.பி.யை ஒரேயடியாக ஏமாற்று வேலை என்று தள்ளிவிடாமல் இருக்க, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆறாத புண்ணில் என்ன கோளாறு? சாதாரணக் காயம் வரிசையாகப் போகும். ரத்தம் உறையும், சில நாள் வீங்கிச் சிவக்கும், சிவந்த புதுச் சதை நிரம்பும், மேலே தோல் மூடும், பிறகு மாதக்கணக்கில் தழும்பு இறுகும். நாட்பட்ட புண் அந்த வீக்கக் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் அளவுக்கு மீறி ஊறுகின்றன. உடம்பு அனுப்பும் வளர்ச்சிக் காரணிகளை அவை தின்றுவிடுகின்றன. போதாததற்குக் கிருமிகள் மேலே பிசின் போல ஒரு படலம் போட்டுக்கொண்டு குடியிருக்கின்றன. எனவே வெளியிலிருந்து காரணிகளைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்க்கலாமே என்ற யோசனை பழையதுதான். 1986இலேயே அமெரிக்காவில் நைட்டன் என்பவரின் குழு நோயாளியின் தட்டணுக்களிலிருந்து எடுத்த கரைசலை ஆறாத புண்களில் பயன்படுத்தி வெளியிட்டது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு இல்லை. 1997இல் பி.டி.ஜி.எஃப். என்ற ஒரே காரணியை ஆய்வகத்தில் தயாரித்து, பெகாப்ளெர்மின் என்ற ஜெல்லாக நீரிழிவுக் கால் புண்ணுக்கு அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதன் முக்கியமான சோதனையில் 20 வாரத்தில் மருந்துள்ள ஜெல் போட்டவர்களில் 50 சதவீதம் பேருக்குப் புண் மூடியது, மருந்தில்லாத வெறும் ஜெல் போட்டவர்களில் 35 சதவீதம்.

பி.ஆர்.பி.க்கு வருவோம். 2016இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த 10 சோதனைகளைத் தொகுத்தது, மொத்தம் 442 பேர். முடிவு: நீரிழிவுக் கால் புண்ணில் உதவலாம், ஆனால் சான்றின் தரம் குறைவு. மற்ற வகைப் புண்களில் ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் அதிகம் மதிப்பது 2018இல் வெளியான ஒரு சோதனையை. பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் மூன்றிலும் 32 மையங்களில் 269 பேர். அவர்கள் போட்டது திரவ பி.ஆர்.பி. அல்ல. 18 மி.லி. ரத்தத்தை உறைதல் தடுப்பான் எதுவும் சேர்க்காமல் ஒரு தனிக் கருவியில் சுற்றி, தட்டணுவும் வெள்ளையணுவும், ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற நார்ப் புரதமும் அடுக்கடுக்காக உள்ள ஒரு வட்டத் தகடாக எடுத்துப் புண்ணின் மேல் வைத்தார்கள். வாரம் ஒன்று. 20 வாரத்துக்குள் ஆறியவர்கள் 34 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 சதவீதம். முதல் நான்கு வாரம் எல்லோருக்கும் நல்ல அடிப்படைச் சிகிச்சை கொடுத்து, அதிலேயே புண் பாதிக்கு மேல் சுருங்கியவர்களைச் சோதனையிலேயே சேர்க்கவில்லை. அதாவது எளிதில் ஆறாத புண்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதித்தார்கள். இதனால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதலும் இந்தத் தகட்டைக் கூடுதல் சிகிச்சையாகப் பரிசீலிக்கலாம் என்கிறது. 2021 முதல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, ஆறாத நீரிழிவுப் புண்ணுக்கான பி.ஆர்.பி.யை 20 வாரம் வரை ஏற்கிறது.

சந்தேகப்பிராணி:
> ஆறியவர்கள் 34 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 சதவீதம்

டாக்டர் சார், இதை நான் திருப்பிப் படிக்கிறேன். தகடு வைத்தும் 100 பேரில் 66 பேருக்கு ஆறவில்லை. கூடுதலாக ஆறியது 12 பேருக்கு. விளம்பரத்தில் இந்த 66 வருமா? அப்புறம், எதிர்க்குழுவுக்குப் போலித் தகடு எதுவும் வைக்கவில்லை. யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்குத் தெரியும். வாரா வாரம் கூப்பிட்டுக் கவனித்தாலே கொஞ்சம் ஒழுங்காகக் காலைப் பார்த்துக்கொள்வார்கள் இல்லையா?

தையல்காரன்:
நியாயமான கேள்வி. போலித் தகடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆறியதா இல்லையா என்று தீர்மானித்தவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. நிச்சயமான மருந்து என்று நானும் சொல்லவில்லை. எட்டு பேருக்குச் செய்தால் ஒருவருக்குக் கூடுதலாக ஆறும், அவ்வளவுதான். கால் துண்டிப்பு வரை போகக்கூடிய நோயில் எட்டில் ஒன்று எனக்குச் சின்ன எண்ணாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கணக்கு, அடிப்படைச் சிகிச்சை எல்லாம் முறையாகக் கொடுத்த பிறகு கிடைத்தது. செருப்போடு நடக்கிறவருக்கு அந்த எண் செல்லாது.

வேம்புவுக்கு: நாடி தொட்டுப் பார்ப்பது போதாது. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9க்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது. ஆனால் நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களின் ரத்தக்குழாய் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும், கருவி அமுக்கினாலும் அமுங்காது. அதனால் எண் பொய்யாக நன்றாகத் தெரியும். அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் எடுப்பதுதான் நம்பகமானது. அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் முதலில் ரத்தக்குழாய் மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தமே போகாத இடத்தில் புதுக் குழாய் முளைக்கச் சொல்லி என்ன பயன்?

மழைக்குருவி:
என் அனுபவம் வேறு வகைப் புண். அம்மாவுக்குக் கணுக்காலுக்கு மேல், உள்பக்கம். சிரை ரத்தம் தேங்குவதால் வருவது, நீர் வடிந்துகொண்டே இருக்கும். பி.ஆர்.பி. போட்டோம்.

எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: முதலில் சலைனால் கழுவி, மேலே படிந்த மஞ்சள் படலத்தைச் சுரண்டினார்கள், வலித்தது அதுதான். பி.ஆர்.பி.யோடு கால்சியம் குளோரைடு சேர்த்ததும் சில நிமிடத்தில் கண்ணெதிரே கூழாகிவிட்டது. கொஞ்சத்தைப் புண்ணின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய ஊசியால் ஏற்றினார்கள். மீதிக் கூழை மேலே பரப்பி, ஒட்டாத வலைத்துணி வைத்து மூடினார்கள். அடுத்த முறை வரும்வரை பிரிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் விரலிலிருந்து முழங்கால் வரை அடுக்கடுக்காக இறுக்கக் கட்டு.

புண் ஆறியது. ஆனால் அந்த இறுக்கக் கட்டையும் அதற்கு முன் யாரும் போட்டதில்லை. இரண்டும் ஒரே நாளில் ஆரம்பித்தன. அம்மா இன்றைக்கும் "என் ரத்தமே என்னை ஆற்றிவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கட்டின் மேல்தான் சந்தேகம், நல்ல விதமான சந்தேகம்.

கட்டுக்கார அக்கா:
மழைக்குருவி, சிரைப் புண்ணுக்கு இறுக்கக் கட்டுதான் முதல் மருந்து. ஆனால் ரத்த ஓட்டம் பார்க்காமல் அதைக் கட்டக் கூடாது. தமனி அடைத்த காலில் இறுக்கினால் விரல்களே போய்விடும். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் முயல வேண்டாம்.

புதுவரவு:
நடுவில் ஒரு கேள்வி. அறுவைச் சிகிச்சைத் தையல், தீக்காயம், தோல் எடுத்து ஒட்டிய இடம், இவற்றுக்கும் போடுவார்களா?

தையல்காரன்:
ஆரோக்கியமான உடம்பில் சுத்தமான தையல் தானாக ஆறிவிடும், அதை அவசரப்படுத்தத் தேவையில்லை. தோல் ஒட்டும்போது அடியில் ரத்தம் கட்டாமல் பசை போலப் பிடித்துக்கொள்ள சிலர் தட்டணுக் கூழைப் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுகள் சிறியவை. தொழுநோயால் மரத்த பாதத்தில் வரும் புண்களுக்குத் தோல் மருத்துவர்கள் ஃபைப்ரின் தகட்டு முறையைச் செய்கிறார்கள், அங்கேயும் நரம்புச் சேதம், அழுத்தம் என்று அதே கதை. தகட்டு முறைக்கு மூலம் 2001இல் பிரான்சில் வாய் அறுவைக்காக வந்த பி.ஆர்.எஃப்., அதாவது தட்டணு மிகுந்த ஃபைப்ரின். பல் பிடுங்கிய குழியில் வைப்பது அதன் வழிவந்ததுதான்.

சந்தேகப்பிராணி:
சரி, பலன் பாதி இருக்கட்டும். கெடுதல்? "சொந்த ரத்தம், பக்கவிளைவே இல்லை" என்று சொல்கிறார்களே.

லேப்காரன்:
சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை அரிது, சரி. ஆனால் அது கடைசி வரை சொந்த ரத்தமாகவே இருக்கிறதா என்பதுதான் என் கவலை. 2018இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் முகத்துக்கு பி.ஆர்.பி. ஊசி போட்ட ஒரு அழகு நிலையத்தில் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. உரிமம் இல்லாத இடம். ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியவற்றைத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ரத்தக் குழாய்களில் முறையான பெயர்ச்சீட்டும் இல்லை. எனவே ஊசியும் குழாயும் உங்கள் கண் முன் உறை பிரிக்கப்படுகிறதா, ரத்தம் எடுத்த உடனே குழாயில் பெயர் ஒட்டுகிறார்களா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு பேர் ரத்தம் சுற்றும் எந்திரத்தில் பெயரில்லாத குழாய் இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கூழாக்க ஒரு காலத்தில் மாட்டிலிருந்து எடுத்த த்ராம்பின் என்ற உறைய வைக்கும் புரதத்தைச் சேர்த்தார்கள். அதற்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் சிலரின் சொந்த உறைதல் காரணிகளையே தாக்கி ரத்தப்போக்கை உண்டாக்கியது. இப்போது கால்சியத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

தையல்காரன்:
இன்னும் இரண்டு விஷயம். புண்ணில் சீழும் சுற்றிலும் சிவப்பும் சூடும் இருந்தால் முதலில் கிருமியை அடக்க வேண்டும். இன்னொன்று, நெடுநாள் ஆறாத புண் சில சமயம் புற்றுநோயாக மாறியிருக்கும். ஓரம் மேலெழும்பி, காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்தால் வளர்ச்சிக் காரணி கொடுப்பதற்கு முன் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதிக்க வேண்டும். நான் சொன்ன பெகாப்ளெர்மினுக்கே 2008இல் புற்றுநோய் எச்சரிக்கை ஒட்டினார்கள், 2018இல் எடுத்துவிட்டார்கள். பயப்படும்படி ஒன்றும் நிரூபணமாகவில்லை, ஆனால் புற்று இருக்கும் இடத்தில் தெரிந்தே யாரும் போட மாட்டார்கள்.

ஆஸ்பிரின் தட்டணுவின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காகச் சாப்பிடுகிறவர் நிறுத்தினால், கால் புண்ணைக் காப்பாற்றப் போய் மாரடைப்பில் முடியலாம்.

வேம்பு:
நிறையத் தெளிந்தது. மருத்துவரிடம் முதலில் விரல் அழுத்தமும் பூட்ஸும் கேட்கப் போகிறேன். பி.ஆர்.பி. வேண்டாம் என்று சொல்லிவிடவா, தள்ளிப்போடவா?

கட்டுக்கார அக்கா:
வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? வரிசையை மாற்றச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் சரி என்றால், அழுத்தம் இறக்கி, வாரம் ஒருமுறை ஓரம் சீவி, நான்கு வாரம் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் புண்ணின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து எல்லையை வரைந்து தேதி எழுதி வையுங்கள். கண்ணால் பார்த்து "சின்னதாகிவிட்டது" என்று சொல்வதை நம்பாதீர்கள், நீளமும் அகலமும் எழுதுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகச் சுருங்கினால் அநேகமாக அதே வழியில் மூடிவிடும். சுருங்கவில்லை என்றால் அப்போது பி.ஆர்.பி. கேளுங்கள், பூட்ஸைக் கழற்றாமல். அதையும் எத்தனை வாரம் பார்த்துவிட்டு நிறுத்துவோம் என்று தொடங்கும்போதே பேசிவிடுங்கள்.

வேம்பு:
கடைசியாக ஒன்று. அப்பாவுக்குக் கையில் ரத்தக்குழாய் கிடைப்பதே பெரும்பாடு. ஒரே முறை நிறைய எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து வாரா வாரம் போட முடியாதா?

லேப்காரன்:
முடியாது. தட்டணுவுக்குக் குளிர் ஆகாது, உருவம் மாறிவிடும். ரத்த வங்கியிலேயே அதை 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில்தான் வைக்கிறோம். அதுவும் ஐந்து நாள், சில இடங்களில் ஏழு நாள், அவ்வளவுதான். ஆனால் அதற்கான மூடிய பையும் கிருமிச் சோதனையும் சிகிச்சை அறையில் இருக்காது. பி.ஆர்.பி. அன்றே எடுத்து அன்றே போடுவது. ரத்தக்குழாய் கிடைக்க, எடுப்பதற்கு முன் கையை வெதுவெதுப்பாகத் துணியால் சுற்றி, கீழே தொங்கவிட்டு வைத்திருங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நல்லது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட (தமனியையும் சிரையையும் இணைத்த) கையாக இருந்தால் அந்தக் கையைத் தொடவே விடாதீர்கள்.